அலுமாரிக்குள் ஒரு கை

சாய்ந்தமருதில் றாஹிலாவின் வீட்டு வாசலுக்கும் ஆசியா உம்மாவின் வீட்டு வாசலுக்கும் இடையே இருபது காலடிகூட இராது. அந்த இருபது காலடியைக் கடக்க அன்று அவளுக்குப் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததிலிருந்து பொழுதடையும் மஃரிபு பாங்கு நெருங்கும்வரை பிடித்தது. கையில் ஒரு துணிப்பை. பைக்குள் ஒரு மனுசியின் இடது மேற்கை எலும்பு. 2009 மே மாதம். யுத்தம் முடிந்து பத்து நாள்.

எலும்பு அவள் கைக்கு வந்து இரண்டு வருசம் ஆகியிருந்தது. சுனாமி கொண்டுபோன வீட்டின் இடத்தில் வாப்பா காலிதீன் புதுவீடு கட்டியபோது, பின்வளவில் மலகூடக் குழி தோண்டியவர்கள்தான் அதை மண்ணோடு வெளியே போட்டார்கள்.

"பள்ளிவாசலுக்குக் கொண்டு குடுத்திரு மகள், அடக்கிருவாங்க" என்றார் வாப்பா.

"ஓம் வாப்பா" என்றாள். கொடுக்கவில்லை. அவளுக்கு அப்போதுதான் மருத்துவ பீடம் கிடைத்திருந்தது. அங்கே ஐந்து பேருக்கு ஒரு எலும்புத் தொகுதி, முறைவைத்துப் படிக்க வேண்டும் என்று மூத்த மாணவி ஒருத்தி சொல்லியிருந்தாள். சொந்தமாக ஓர் எலும்பு வலிய வந்தால் விடுவாளா? யாருடையதோ, எந்தக் காலத்ததோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தன் மனதை ஏமாற்ற மனிதருக்குச் சாட்சி தேவையில்லை.

விடுதி அறையில் அதை வைத்துத்தான் படித்தாள். மேல்முனை லேசு, ஓர் உருண்டை. கஷ்டமெல்லாம் முழங்கைப் பக்கம். உள்பக்கம் கப்பி போல ஒரு பகுதி, வெளிப்பக்கம் சின்னக் குமிழ், முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு பள்ளம். இரண்டு பள்ளங்களுக்கும் நடுவே எலும்பு கடதாசி அளவுக்கு மெல்லிசு. விளக்கில் பிடித்தால் வெளிச்சம் தெரியும். கை ஊன்றி விழுகிற பிள்ளைகளுக்கு முறிவது அந்த மெல்லிய இடத்துக்குச் சற்று மேலே.

மார்ச் மாதம் ஒரு நாள் விரிவுரையாளர் அவளுடைய எலும்பை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாரையும் கிட்ட வரச் சொன்னார்.

"இதப் பாருங்க. சின்ன வயசில முழங்கைக்கு மேல முறிஞ்சு, கோணலாப் பொருந்தியிருக்கு. இந்த ஆள் கைய நீட்டினா முன்கை உடம்புப் பக்கம் சரிஞ்சு நிக்கும். மெல்லிய எலும்பு, அநேகமாப் பெண்."

கூட இருந்தவர்கள் வாய் பிளந்தார்கள். அந்தக் கையை றாஹிலாவுக்குத் தெரியும்.

ஆசியா உம்மாவின் மகள் மைமூனா எட்டு வயதில் ஜம்பு மரத்திலிருந்து விழுந்தாள். முறிவு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கை கோணலாகவே ஒட்டியது. "கோணக்கை" என்று குர்ஆன் ஓதுற பள்ளியில் முதலில் கூப்பிட்டவள் றாஹிலாதான். பிறகு ஊரே கூப்பிட்டது. சுனாமி வந்த ஞாயிறு காலை மைமூனா கிணற்றடியில் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தாள். அடக்குவதற்கு அவளுடைய மையித்து கிடைக்கவில்லை. அதன்பின் எங்கே எலும்பு வெளிப்பட்டதென்று கேள்விப்பட்டாலும், காரைதீவோ மருதமுனையோ, ஆசியா உம்மா நடந்தே போவாள். "கை கோணலா எண்டு ஒருக்காப் பாருங்க வாப்பா" என்று அங்கே நிற்பவர்களைக் கெஞ்சுவாள்.

இவ்வளவும் தெரிந்த பிறகாவது றாஹிலா அன்றே ஊருக்குப் போன் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. சோதனைக்கு இன்னும் இரண்டு மாதம். முடியட்டும் என்று எலும்பை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். படிக்கும்போது மட்டும் எடுத்தாள். சோதனையில் கேள்வியும் அதுவாகத்தான் வந்தது: சிறுபிள்ளைகளில் முழங்கைக்கு மேலே முறிவு, அதன் விளைவுகள். மூன்று பக்கம் எழுதினாள். கேடு கெட்ட கை, கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

ஊருக்கு வரும் வழியில் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் பையைத் திறந்து பார்த்துத் திடுக்கிட்டான். மாணவி அட்டையைக் காட்டியதும் சிரித்து, "டொக்டர்" என்று மரியாதையாக வழிவிட்டான். அவளுக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் புதைந்துபோகலாம் போலிருந்தது.

மஃரிபு நெருங்கும் நேரத்தில், தன் வாசலில் நின்றபடி ஆசியா உம்மா எலும்பை வாங்கிக் கீழ்முனையில் பெருவிரலை வைத்து ஒருமுறை தடவினாள். வேறொன்றும் செய்யவில்லை.

"இது என்ட மைமூனாட கை" என்றாள். "அல்லாஹ் ஒனக்கு றஹ்மத் செய்யட்டும் மகள். எங்க கிடந்த?"

அந்த துஆவைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க றாஹிலாவால் முடியவில்லை. "எங்கட பின்வளவில மாமி. ரெண்டு வருசமா நான்தான் வெச்சிருந்தன். அவள்ட எண்டு மார்ச்சிலயே தெரியும். சோதனைக்காகச் சொல்லாம இருந்துட்டன்."

ஆசியா உம்மா எலும்பை முந்தானைக்குள் எடுத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "எதுக்குள்ள வெச்சிருந்தாய்?"

"அலுமாரிக்குள்ள மாமி. துணியில சுத்தி."

"ஈரம் படல்லயே?"

"இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ். மழை பேஞ்சா நான் நித்திர கொள்றல்ல மகள். எங்கயோ கிடந்து புள்ள நனையுறாள் எண்டு."

ஏசியிருந்தால், கன்னத்தில் இரண்டு போட்டிருந்தால் றாஹிலா தாங்கியிருப்பாள். இதைத் தாங்க அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை. இதற்குள் பக்கத்தில் வந்து நின்ற றாஹிலாவின் வாப்பா அனைத்தையும் கேட்டுவிட்டார். மகளின் முகத்தைப் பார்க்காமல், செருப்பையும் போடாமல், மௌலவியைத் தேடிப் பள்ளிக்கு நடந்தார்.

யாருடையதென்று தெரிந்த உறுப்பென்றால் குளிப்பாட்டிக் கபன் சீலை சுற்றித் தொழுவித்தே அடக்க வேண்டும் என்று மௌலவி சொல்லியனுப்பினார். மறுநாள் விடிகாலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஆசியா உம்மாவின் முற்றத்தில் சீலை கட்டி மறைத்தார்கள். பெண்ணுக்குப் பெண்கள்தான் குளிப்பாட்ட வேண்டும். றாஹிலா சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய் வாளிக்குப் பக்கத்தில் குந்தினாள். அவளைவிட அந்த எலும்பை அறிந்தவர் யார்?

ஆசியா உம்மா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக விலக்கினாள்.

"நீ தொட்டது போதும் மகள்."

குரலில் கோபமில்லை. றாஹிலா எழுந்து சீலைக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்கள்.