இரண்டு பேரையும் ஏற்றும் காப்புறுதி

யுத்தம் முடிந்த மாதம், பெரியநீலாவணைக் கதிர்காமத்தம்பி கல்முனையில் ஒரு காப்புறுதி அலுவலகத்துக்குப் போனார். அவருடைய மனைவியைச் சுனாமி கொண்டுபோனது. அதன்பின் மகள் கேசினியைப் புலிகள் இயக்கம் சண்டைக்குப் பிடித்து வன்னிக்குக் கொண்டுபோனது. அவளை வவுனியா அகதி முகாமில் கண்டதாக யாரோ வந்து சொன்னார்கள். பழைய மோட்டார் சைக்கிளில்தான் அவ்வளவு தூரமும் போக வேண்டும்.

"காப்புறுதியில ரெண்டு விதம் இருக்கு. வழியில பழுதாகி நிண்டா, சைக்கிள மட்டும் ஏத்திட்டு வாறது ஒண்டு. ஆளையும் சேத்து ஏத்துறது மத்தது," என்றான் முகவர் அஸ்மி. "தனியத்தானே போறீங்க?"

"போகக்குள்ள தனிய. வரக்குள்ள மகளும் இருப்பா. ரெண்டு பேரையும் ஏத்துவாங்களா தம்பி?"

"ஓம் அண்ணன். ஆனா மதவாச்சிச் சோதனைச் சாவடிக்கு அங்கால எங்கட வாகனம் வராது."

"அங்கால நிண்டா நான் உருட்டிக்கிட்டுப் போவன். ரெண்டாவதையே போடுங்க."

வண்டி எங்கும் நிற்கவில்லை. முகாமின் முள்வேலிக்கு வெளியே நின்று, தொண்டை கட்டும்வரை மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கடைசியில் ஒரு பெண் வேலியருகே வந்து, இயக்கத்தில் இருந்த இளம் பிள்ளைகளை ஆமி பஸ்ஸில் ஏற்றி எங்கோ கொண்டுபோய்விட்டது என்றாள்.

"எந்தப் பக்கம் பிள்ள?"

அவள் கைகாட்டிய பக்கம் வண்டியைத் திருப்பினார்.