கை நனைக்காத சம்பந்தி

என் கணவர் சுமதிநாதனுக்கு யார் முகத்துக்கு நேராகவும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருப்பவர். புடவை வாங்காமல் போகிறவர்களைக்கூடக் காபி கொடுத்துத்தான் அனுப்புவார். ஆனால் ஒருவரை வேண்டாம் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டால், சிரித்த முகத்தோடு அவரை அலைக்கழிப்பதில் இவரை மிஞ்ச ஆள் கிடையாது. அன்றைக்கு மாட்டிக்கொண்டவள் மர்த்தீன்.

மர்த்தீன் பிரான்சில் ஏதோ ஓர் ஆற்றங்கரைக் கிராமத்துக்காரி. லியோனில் படிக்கப் போன என் மகள் ஸ்ரேயா, அவளுடைய மகன் லூக்கைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவனுக்கு லீவு கிடைக்காததால் அம்மாக்காரி மட்டும் பெண் வீட்டைப் பார்க்க வந்திருந்தாள். அவர்களுக்குத் தொழில் வாத்துப் பண்ணை. முட்டைக்கு இல்லை, கறிக்கு. நாங்கள் நயினார்கள், தமிழ்ச் சமணர்கள். பூச்சி வாய்க்குள் போய்ச் செத்துவிடுமோ என்று தண்ணீரை வடிகட்டிக் குடிக்கிற குடும்பம். எனக்கும் இந்தச் சம்பந்தத்தில் துளிகூட இஷ்டமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நேராக மறுத்தால் மகள் பேச்சை நிறுத்திவிடுவாள் என்று என் கணவருக்குப் பயம். அதனால் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார். பெண் வீட்டில் பிள்ளை வீட்டார் கை நனைத்தால், அதாவது உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால், சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். எங்கள் வீட்டிலோ பொழுது சாய்ந்த பிறகு யாருக்கும் சோறு கிடையாது. சாயங்காலம் மர்த்தீனுக்கு நம் வீட்டில்தான் சாப்பாடு என்று ஸ்ரேயா சொல்லியிருந்தாள். இவர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்.

"மத்தியானம் லாட்ஜுலயே சாப்ட்டு வரச் சொல்லு. அப்படியே ஊர் பாக்க கூட்டினு போயி, பொழுது சாஞ்சப்புறம் கொண்டாந்து வுடறேன்," என்றார் அடுப்படிக்கு வந்து. "அதுக்கு மேல நம்ம வூட்டுல ஏது சாப்பாடு? நாளைக்கு ப்ளைட்டு. கை நனைக்காத போனா பேச்சு முடிஞ்சுது. நான் வேணாம்னு சொன்னதா இருக்காது."

"நமக்கு?"

"மூணு பேருக்கு மட்டும் கட்டிக்கோ. பொழுதோட வழியில சாப்ட்டுக்கலாம்."

எனக்கும் அது சௌகரியமாகத்தான் பட்டது. புளியோதரையும் தயிர்சாதமும் கேரியரில் கட்டினேன்.

முதலில் திருப்பருத்திக்குன்றம், எங்கள் சமணக் கோயில். மண்டபத்து விதானத்தில் தீர்த்தங்கரர் கதைகளை வண்ணத்தில் தீட்டியிருப்பார்கள். மர்த்தீன் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். உயரமான, எலும்பான பொம்பளை; சிரிப்பு என்பது அந்த முகத்தில் மருந்துக்கும் இல்லை. அவளுக்குப் பிரெஞ்சைத் தவிர வேறு பாஷை வராது. எல்லாம் ஸ்ரேயா வழியாகத்தான்.

"நாங்க இதை வரையும்போது இவங்க ஊர்ல இலை கட்டினு திரிஞ்சிருப்பாங்கன்னு சொல்லு," என்றார் இவர், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு.

ஸ்ரேயா முகம் மாறாமல் நீளமாக ஏதோ சொன்னாள். இவர் சொன்னதைவிட அது இரண்டு பங்கு இருந்தது. மர்த்தீன் தலையை ஆட்டிவிட்டுப் பதில் சொன்னாள்.

"அவங்க ஊருக்குப் பக்கத்துல குகையில மாடு, குதிரை எல்லாம் வரைஞ்சிருக்குதாம்பா. பதினேழாயிரம் வருஷத்துக்கு முன்னாடி."

அடுத்தது தாமல் ஏரி என்று இவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

தை மாதம். தாமல் ஏரி கடல் மாதிரி நிறைந்து கிடந்தது. கரைமேல் காற்று ஆளைத் தள்ளியது. தூரத்தில் நாரைகளும் காட்டு வாத்துகளும் கூட்டம் கூட்டமாக இறங்கின. மர்த்தீன் கண்ணுக்கு மேல் கையை வைத்து அந்த வாத்துகளையே பார்த்தாள்.

"எத்தினி கிலோ தேறும்னு பாக்குதா?" என்றார் இவர்.

"அப்பா, போதும்!"

எவளாக இருந்தாலும் நம்மை நம்பி வந்தவள் என்று, கரையில் விற்ற கொய்யாப்பழத்தில் நல்லதாக ஒன்றை வாங்கிக் கழுவி நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். இளநீர் வெட்டித் தரச் சொன்னேன். அதற்கும் அதே தலையாட்டல். பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்துக் குடித்தாள், தன் பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள். எங்கள் கை பட்டதைத் தின்றால் செத்தா போய்விடுவாள்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையில் லாட்ஜுக்கு நான் பிளாஸ்கில் கொண்டுபோய்க் கொடுத்த காபியையும் அவள் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றாள் ஸ்ரேயா. வயிறு சரியில்லாதவள் பிஸ்கட்டைக் கடிப்பாளா?

தாமலிலிருந்து வீடு கொஞ்ச தூரம்தான். இவர் வீட்டுப் பக்கம் திரும்பாமல், ஊரைத் தாண்டிக் கிழக்கே வண்டியை விட்டார்.

"வீட்டுக்குப் போலாம்பா. சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சு."

"திருமுக்கூடல் காட்டாத அனுப்புறதா? மூணு ஆறு சேர்ற இடம்மா. இவ்ளோ தூரம் வந்துட்டாங்க, பாவம்."

அந்தப் 'பாவம்' என்ற சொல்லில் இருந்த விஷம் எனக்குத் தெரியும். ஸ்ரேயாவுக்கும் புரிந்துவிட்டது. பின்கண்ணாடியில் அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

திருமுக்கூடல் கோயில் சுவர் முழுக்கச் சோழர் கால எழுத்து. இவர் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாசித்தார். தெரியாத எழுத்துக்கும் அர்த்தம் சொன்னார். மேற்கே வெயில் மஞ்சளாகிச் சிவக்க ஆரம்பித்தது. ஸ்ரேயா மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள். இவர் நிறுத்தவில்லை. ஓரக்கண்ணால் சூரியனைப் பார்ப்பதும், அடுத்த வரிக்கு நகர்வதுமாக இருந்தார்.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. மர்த்தீன்மேல் இரக்கப்பட்டு வந்த கோபம் அல்ல. காய்ச்சலில் படுத்த நாளிலும் பொழுது சாய்ந்தால் கஞ்சிகூடக் குடிக்காமல் காத்துவந்த விரதம் இது. ஓர் உயிருக்கும் தீங்கு வரக்கூடாது என்று வைத்ததை, வந்தவளைப் பட்டினியாக விரட்டும் தடியாக இந்த மனிதர் சுழற்றுகிறாரே என்று உடம்பெல்லாம் எரிந்தது. காரிலிருந்து கேரியரை எடுத்துக்கொண்டு நேரே ஆற்று மணலுக்கு நடந்தேன். எல்லோரும் பின்னால் வந்தார்கள். தட்டில் புளியோதரையை வைத்து மர்த்தீனிடம் நீட்டினேன்.

"ரத்னமாலா!" என்றார் இவர்.

"பொழுது இன்னும் சாயல. நம்ம வூட்டுச் சோறுதான் இது. சாப்பிடட்டும்."

மர்த்தீன் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஸ்ரேயாவிடம் நிதானமாக என்னவோ சொன்னாள். என் மகள் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னா சொல்றா?"

"ஒண்ணுமில்லமா."

"சொல்லுடி!"

ஸ்ரேயா மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கை நனைக்க மாட்டாங்களாம். பொண்ணு பிடிச்சாத்தானே பிள்ளை வீட்டுக்காரங்க சாப்பிடணும்? அவங்களுக்கு என்னைப் பிடிக்கலையாம்."

"இவளுக்கு எப்படித் தெரியும் அந்த வழக்கம்?" என்றார் இவர்.

"நான்தாம்பா சொன்னேன். போன வருஷம். எங்க ஊர்ல இப்படி ஒரு அழகான பழக்கம் இருக்குதுன்னு."

மர்த்தீன் இன்னும் முடிக்கவில்லை. அவள் சொல்லச் சொல்ல ஸ்ரேயா, யாரோ எவளோ ஒருத்தியைப் பற்றிப் பேசுவது போலத் மர்த்தீன் வார்த்தையாகவே தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். என் ஊருக்கு இவளை அழைத்துப் போனேன். ஆற்றங்கரை, பழைய கோட்டை, மாதா கோயில், குகை எல்லாம் காட்டினேன். போன இடமெல்லாம் மடியில் தன் சோற்று டப்பாவை வைத்துக்கொண்டு வந்தாள். என் அடுப்பில் வெந்ததை ஒரு நாளும் தொடவில்லை. ஒரு டம்ளரைக்கூடத் தன் கையால் மறுபடி கழுவித்தான் குடித்தாள். என் மகன் அவளுக்குப் பயந்து என் மேசையில் சாப்பிடுவதை விட்டுவிட்டான். அது எப்படி இருக்கும் என்று இவள் வீட்டாருக்கும் தெரியட்டும் என்றுதான் வந்தேன்.

நீட்டிய கையை மடக்க எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இவர் துள்ளிக் குதித்தார்.

"என் பொண்ணை வேணாம்னு சொல்ல இவ யாரு? வாத்துக் கழுத்தைத் திருகறவ! என் பொண்ணுக்கு என்னா குறை?" தட்டை என் கையிலிருந்து பிடுங்கி அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "சாப்பிடச் சொல்லு அவளை! இப்பவே சாப்பிடச் சொல்லு!"

மத்தியானம் முழுக்க எதைத் தடுக்க வண்டி ஓட்டினாரோ, அதற்காக அந்த மனிதர் இப்போது ஆற்று மணலில் நின்று கத்தினார். மர்த்தீன் அசையவில்லை. ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். அக்கரைப் பனைமரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கிப்போனதை அவர்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

ஸ்ரேயா போய் அப்பா கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள். மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஸ்ரேயா, பொழுது சாஞ்சிடுச்சு," என்றார் இவர்.

"தெரியும்பா. பசிக்குது."

பிறந்ததிலிருந்து இருட்டில் ஒரு பருக்கை அறியாத என் பெண், சோற்றை அள்ளி வாயில் வைத்தாள். மென்று விழுங்கிவிட்டு மர்த்தீனிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். கேட்காமலே எங்களுக்கும் தமிழில் சொன்னாள்: "லூக்கை நான் கட்டிக்கத்தான் போறேன். ரெண்டு வீட்டுலயும் யாரும் கை நனைக்க வேணாம். யாரும் வரவும் வேணாம்."

இவர் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மர்த்தீன் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். இரண்டு பேர்மேலும் எனக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல. என்மேலும்தான்.

ஸ்ரேயா காலித் தட்டை என்னிடம் நீட்டினாள்.

நன்றாக இருட்டிவிட்டிருந்தது. நான் கேரியரின் அடுத்த அடுக்கைத் திறந்து தயிர்சாதத்தைப் போட்டேன்.