சோபாவில் படுத்திருந்த ஆம்புலன்ஸ்

அண்ணி வேலைக்குக் கிளம்பும்போது கொழுந்தன் சோபாவில் மல்லாந்து கிடந்தான். நெஞ்சின்மேல் தலையணை, தலையணைமேல் போன், போனில் ஏதோ ஒரு தூரதேசத்துக் கால்பந்தாட்டம். பல் தேய்த்தானா இல்லையா என்பது அவனுக்கே நிச்சயமில்லை.

"அண்ணி, நீங்க குடுத்த சிம் இருக்கே, தெய்வம் அண்ணி. ஒரு தடவகூட நின்னு சுத்தல. பக்கத்து வீட்டுக்காரன் போன்ல பந்து வலைக்குள்ள போறதுக்குள்ள நம்ம போன்ல கொண்டாடியே முடிச்சிடுறாங்க."

"மெதுவா பேசு. தெருவுக்கே கேக்குது," என்றாள் அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டே.

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. அந்த சிம் ஓர் ஆம்புலன்சுக்குச் சொந்தமானது.

வீட்டில் அண்ணியான அவள், ஆபீசில் மேடம். நகரத்தின் அவசர உதவிக் கட்டுப்பாட்டு அறைக்கு மேற்பார்வையாளர். தீயணைப்பு, ஆம்புலன்ஸ், போலீஸ் ஆகிய மூன்றுக்கு மட்டும் என்று அரசாங்கம் தனி அலைவரிசை ஒதுக்கி, தனிக் கோபுரங்கள் நட்டு, அதிவேக நெட்வொர்க் ஒன்றைக் கட்டியிருந்தது. கூட்டம் சேர்ந்து ஊர் போன்களெல்லாம் திணறும் இடத்திலும், எரியும் கட்டடத்தின் படமோ நோயாளியின் ஈசிஜியோ தடையில்லாமல் போய்ச் சேர வேண்டும் என்பது திட்டம். சாலையில் ஆம்புலன்சுக்கு ஒதுங்குகிறோமே, அதுபோலக் காற்றில் ஒரு வழி. நல்ல திட்டம்தான். நம் ஆட்கள் கையில் கிடைக்கும்வரை எல்லாத் திட்டங்களும் நல்ல திட்டங்களே.

வண்டிக்கு ஒரு சிம் என்று கணக்கு. பழுதாகி ஷெட்டில் நின்ற வண்டிகளின் சிம்கள் மேடத்தின் மேசை இழுப்பறையில் கிடந்தன. முதலில் அதில் ஒன்றைக் கேட்டது துறை இயக்குநர்.

"சும்மாதானே மேடம் கெடக்கு? பையன் ஆன்லைன்ல படிக்கணுங்கிறான்."

பையன் படித்தான். பிறகு இயக்குநரின் பல் வைத்தியர் படித்தார். அமைச்சரின் உதவியாளருடைய மனைவி படித்தார். ஊரே இப்படி விழுந்து விழுந்து படிக்கும்போது, என் கொழுந்தன் மட்டும் என்ன பாவம் செய்தான் என்று மேடத்துக்கும் ஒருநாள் தோன்றிவிட்டது. ஒன்றை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இதில் ஒரு வேடிக்கை. சிம் யார் பாக்கெட்டில் இருந்தாலும், கட்டுப்பாட்டு அறையின் திரைக்கு அது வண்டிதான். அதனால் நகர வரைபடத்தில் ஒரு தீயணைப்பு வண்டி வாரம் தவறாமல் அழகு நிலையத்துக்குப் போய் முடி திருத்திக்கொண்டு வந்தது. இன்னொன்று சினிமா தியேட்டரில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து படம் பார்த்தது. திறப்பு விழா மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளி, மேடம் வீட்டுச் சோபாவில் ஓர் ஆம்புலன்ஸ் நிரந்தரமாகப் படுத்திருந்தது. ஆபரேட்டர்களுக்கு இதெல்லாம் பழகிப்போய்விட்டது. "அதை விடுங்கப்பா, அது பல் டாக்டரோட ஃபயர் எஞ்சின்" என்று சொல்லிவிட்டு அடுத்த அழைப்பை எடுப்பார்கள்.

திறப்பு விழா என்றேன். நெட்வொர்க் வேலை செய்யத் தொடங்கி மாதங்கள் ஆகிவிட்டன. ஆனால் அமைச்சர் பொத்தானை அழுத்தாதவரை அது வேலை செய்வதாக அரசாங்கம் ஒப்புக்கொள்ளாது. இன்றைக்குத்தான் அமைச்சருக்கு நேரம் கிடைத்திருந்தது.

"மேடைல இருக்குற எல்லாரும் அவங்கவங்க போன்ல நேரலை போடணும் மேடம்," என்று இயக்குநர் காலையிலேயே சொல்லிவிட்டார். "இழுப்பறைல மிச்சம் இருக்குறத மொத்தமா குடுத்தனுப்புங்க."

"சார், அதெல்லாம் முன்னுரிமை சிம். ஒரே கோபுரத்துல அத்தனையும் போய் உக்காந்தா..."

"நம்ம நெட்வொர்க்க நாமளே நம்பலைன்னா எப்படி மேடம்? ஒரு நாள்தானே."

மேடம் கொடுத்தனுப்பினாள். சோபாவில் ஒன்றைப் படுக்கவைத்துவிட்டு, மேடைக்குத் தரமாட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

பிற்பகலில் ஆபரேட்டர் திரையைப் பார்த்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார். "மேடம், மேடையில வரிசையா தீயணைப்பு வண்டியா உக்காந்திருக்கு. மேடை தாங்குமா?"

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தாள். அப்போது மேசையிலிருந்த பழைய வாக்கி டாக்கி கரகரத்தது. மைதானத்தை ஒட்டிய சாலையில் நின்ற ஓர் ஆம்புலன்சிலிருந்து, நிஜமான ஆம்புலன்சிலிருந்து, நர்ஸ் பேசினாள்.

"கண்ட்ரோல், ஈசிஜி போகவே மாட்டேங்குது. ஆளுக்கு நெஞ்சு வலி, வேர்த்து ஊத்துது. டாக்டர் பாத்துச் சொன்னாத்தான் நான் ஊசி போட முடியும்."

"வண்டிய ஆஸ்பத்திரிக்கு எடுங்க, நேராப் போயிடலாமே," என்றாள் மேடம்.

"எங்க எடுக்கிறது? முன்னாடியும் பின்னாடியும் விழாவுக்கு வந்த காருங்க. சொந்தப் போன்ல அனுப்பலாம்னா அதுலயும் சிக்னல் செத்துப்போச்சு. நமக்குன்னு தனி லைன் இருக்குன்னாங்களே, அது எங்க போச்சு?"

மேடம் மருத்துவமனைக்குப் போன் போட்டாள். இதய டாக்டர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார்.

"பாதிக் கோடு வருது, நின்னுடுது. பாதிக் கோட்டப் பாத்து மருந்து சொல்ல நான் என்ன ஜோசியக்காரனா? அடைப்பா இருந்தா அந்த ஊசி உயிரக் காப்பாத்தும். வேற ஏதாவதா இருந்தா அந்த ஊசியே ஆளைக் கொன்னுடும். முழுசா அனுப்பச் சொல்லுங்க."

அடுத்து இயக்குநர். வெகுநேரம் மணியடித்த பிறகு எடுத்து, மேடைக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தார். பின்னணியில் அமைச்சரின் குரல் முழங்கியது: சிக்னல் இல்லை என்ற ஒரே காரணத்தால் இனி இந்த நகரத்தில் ஓர் உயிரும் போகாது. கைதட்டல்.

"சார், மேடை சிம்ம எல்லாம் நிறுத்தணும். ஆம்புலன்ஸ் ஈசிஜி மாட்டிக்கிட்டிருக்கு."

"அய்யய்யோ, இப்பவா? பெரிய திரைல நேரலை ஓடுது மேடம். அவர் இப்பத்தான் முக்கியமான பாயிண்டுக்கு வர்றார். முடியட்டும்."

"எப்ப முடியும் சார்?"

"அவர் பேச்சு எப்ப முடியும்னு அவருக்கே தெரியாது. கொஞ்சம் சமாளிங்க. எதையும் தொட்டுடாதீங்க." போன் வைக்கப்பட்டது.

வாக்கி டாக்கியில் நர்ஸ் நோயாளியிடம் பேசுவது கேட்டது. "கண்ண மூடாதீங்க. என்னப் பாருங்க. இதோ டாக்டர் சொல்லிடுவார்." அந்த மனிதர் ஏதோ முனகினார். என்னவென்று புரியவில்லை. மேடத்துக்கு அந்த முனகலே போதுமானதாக இருந்தது.

திரையில் அந்தக் கோபுரத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன வண்டிகள். அவற்றில் எது இரும்பு வண்டி, எது சட்டைப்பை வண்டி என்று அவளுக்கு மனப்பாடம். எல்லாம் அவள் கையால் கொடுத்தவை. மவுசைப் பிடித்தாள். முதலில் எதை நிறுத்துவது என்று யோசித்தபோது கன்னம் சுட்டது. தன் வீட்டு ஆம்புலன்சின் மேல் அழுத்தினாள்.

அடுத்த நொடியே வீட்டு லேண்ட்லைனிலிருந்து அவள் போனுக்கு அழைப்பு வந்தது. "அண்ணி, சுத்துது."

"சுத்தட்டும்."

"பெனால்டி கிக் அண்ணி..."

"அந்த சிம்மக் கழட்டி மேஜை மேல வை. சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன். அது நம்மளுது இல்ல."

ஆனால் ஒரு கொழுந்தன் விலகியதால் வழி திறந்துவிடவில்லை. மேடம், விழாவுக்கு வந்திருந்த பல் டாக்டரை நிறுத்தினாள். உதவியாளரின் மனைவியை நிறுத்தினாள். பிறகு மேடையிலிருந்தவர்களை ஒவ்வொருவராக. ஒவ்வொரு முறையும் கணினி, இந்த அவசர ஊர்தியின் இணைப்பைத் துண்டிக்கலாமா என்று கவலையோடு கேட்டது. அவசர ஊர்தி என்று அதையும் நம்பவைத்திருந்தார்கள், பாவம். கடைசியாக, பெரிய திரைக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்த சிம். மேடம் அதையும் அழுத்தினாள்.

மைதானத்தில் அமைச்சர் வாயைப் பிளந்தபடி, கை உயர்த்தியபடி, இரண்டு மாடி உயரத்துக்கு உறைந்து நின்றார். கீழே நிஜ அமைச்சர் பேசிக்கொண்டேயிருந்தார். கூட்டத்துக்கு உறைந்தவரையே அதிகம் பிடித்திருந்ததாகக் கேள்வி.

ஈசிஜி போய்ச் சேர்ந்தது. "அடைப்புதான். ஊசி போடச் சொல்லுங்க, உடனே," என்றார் டாக்டர். நர்ஸ் போட்டாள்.

மாலையில் டாக்டரே கூப்பிட்டார். "ஆள் பொழச்சுக்குவார். ஆனா தாமதம் தாமதம்தான். இதயத்துல ஒரு பக்கம் தசை செத்துப்போச்சு. இனிமே நாலு படி ஏறணும்னாலும் அவர் நின்னு நின்னுதான் ஏறணும். ஈசிஜி முதல்லயே வந்திருந்தா இது ஆகியிருக்காது. உங்க சைடுல என்ன பிரச்சினை?"

மேடம் வாயைத் திறந்தாள். தொழில்நுட்பக் கோளாறு என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக நின்றது. இருபது வருட ஆபீஸ் வாழ்க்கையில் அது தானாகவே வந்து நிற்கும். அதை விழுங்கினாள்.

"வண்டி சிம்ம எல்லாம் வேண்டியவங்களுக்குக் குடுத்துட்டோம் டாக்டர். நானும் குடுத்தேன்."

மறுமுனையில் டாக்டர் போனை வைத்துவிட்டார். அதற்கு, அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

சற்று நேரத்தில் இயக்குநர் நுழைந்தார். சட்டையில் விழாக் குழுத் தலைவர் என்ற பேட்ஜ் இன்னும் தொங்கியது. கதவைச் சாத்தினார். கத்துவார் என்று ஆபரேட்டர்கள் எதிர்பார்த்தார்கள். அவர் கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு, ரகசியம் கேட்பவர்போலக் குனிந்தார்.

"அமைச்சர் ஆபீஸ்ல கிழிகிழின்னு கிழிக்கிறாங்க மேடம். ஆம்புலன்ஸ் விஷயத்தச் சொல்லித்தான் சமாளிக்கணும். யார் அந்த ஆளு? பெரிய இடமா?"

"தெரியாது சார்."

"யாருக்காவது சொந்தம்? கட்சிக்காரர்? ஏதாவது ஒரு பேரு சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்."

"கேக்கல சார்."

இயக்குநரின் முகம் தொங்கியது. "யாருன்னே தெரியாத ஒருத்தனுக்காகவா அமைச்சரையே நிறுத்தினீங்க?"

மேடம் மேசை இழுப்பறையைப் பூட்டி, சாவியை அவர் முன்னால் வைத்தாள்.

"யாருன்னே தெரியாதவங்களுக்காகத்தான் சார் இதைக் கட்டினாங்க. தெரிஞ்சவங்களுக்கு எப்பவும் ஏதாவது ஒரு வழி கெடச்சிடும். தெரியாதவங்களுக்கு இந்த ஒரு வழிதான் இருந்துச்சு, அதுலயும் நாம ஏறிப் படுத்துக்கிட்டோம். எனக்கு மெமோ குடுக்கணும்னா குடுங்க. ஆனா உங்க பையன் வச்சிருக்கிற சிம் நாளைக்குக் காலைல ஷெட்டுக்கு வந்தாகணும். அந்த வண்டி ரிப்பேர் முடிஞ்சு நிக்குது."