வாபஸ்

குழாய்களை ஏற்றிய லாரி தெருமுனையில் வந்து நின்றதும் தையல்கார அக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது. எத்தனை வருஷம் நடையாய் நடந்திருப்பாள்! தண்ணீர் லாரி வந்தால் வரிசையை ஒழுங்கு பண்ணுவது, படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்கு வீடு தேடிப் போய் ஊற்றிவிட்டு வருவது, தெருவுக்குக் குழாய் கேட்டு மனு எழுதுவது எல்லாம் அவள்தான். சம்பளமா, கிம்பளமா? ஒன்றுமில்லை. அப்போதெல்லாம் அசையாத கவுன்சிலர், அவள் தன்னை எதிர்த்து வேட்புமனு போட்டதும் லாரியை அனுப்பிவிட்டான். பயந்தாங்கொள்ளி!

ஊருக்கு நல்லது செய்யத் தேர்தலில் நிற்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நல்லதாவது ஒன்றாவது. போன கோடையில் தண்ணீர் தூக்கி வந்த தங்கை வழுக்கி விழுந்து, ஐந்து மாதக் கரு கலைந்துபோனது. நியாயம் கேட்கப் போன அக்காவிடம் கவுன்சிலர் பல் குத்திக்கொண்டே, "பார்த்து நடக்கச் சொல்லும்மா, தண்ணி என்ன ஓடியா போயிடும்?" என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து மெஷினை மிதிக்கும்போதெல்லாம் கறுவிக்கொண்டிருந்தாள். அவனை மண்ணைக் கவ்வ வைக்க வேண்டும். தோற்றுப்போன மூஞ்சியை எதிரே நின்று பார்க்க வேண்டும். அவளுடைய தேர்தல் அறிக்கை அவ்வளவுதான்.

கவுன்சிலரின் மச்சான் லாரியிலிருந்து இறங்கி வந்தான். குரலில் தேன் ஒழுகியது.

"இன்னைக்குத்தான் கடைசி நாள்க்கா. சாயங்காலத்துக்குள்ள வாபஸ் வாங்கிடுங்க, நாளைக்கே தோண்டிடலாம். இல்லேன்னா வண்டி இப்படியே திரும்பிடும்."

தெருவே கூடிவிட்டது. எல்லோரும் குழாயைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். மளிகைக் கடைக்காரர்தான் தொண்டையைச் செருமினார்.

"நீ கேட்டதுதானேம்மா வந்திருக்கு? இன்னும் என்ன?"

"அவன் தோக்கணும்ணே."

சொன்ன பிறகுதான் தெருவே கேட்டுவிட்டது என்று அவளுக்கு உறைத்தது. கேட்டால் கேட்கட்டுமே!

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தங்கை வந்தாள். இடுப்பில் காலிக் குடம்.

"விட்டுடுக்கா."

"உனக்காகத்தான்டி நிக்கறேன்."

"எனக்காகன்னா குழாயை வாங்கிக் குடு." தங்கை குரலைத் தாழ்த்தினாள். "நாள் தள்ளிப் போயிருக்கு. இன்னும் அவர்கிட்டகூடச் சொல்லல."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அணைத்துக்கொள்ளத்தான் கை எழுந்தது. அதற்குள் அந்த மச்சான் டிரைவர் காதில் என்னவோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். அவ்வளவுதான், அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

"வண்டியைத் திருப்புப்பா," என்றாள் டிரைவரிடம்.

ஐயோ, ஐயோ என்று நாலு பக்கமும் குரல். அவள் காதில் வாங்கவில்லை. தங்கையின் குடத்தைப் பிடித்தாள்.

"பிள்ள பொறக்குற வரைக்கும் நீ ஒரு சொட்டுத் தூக்க வேண்டாம். நான் தூக்கறேன். ஜெயிச்சு வந்து குழாயும் நானே போடறேன். குடுடி."

லாரி பின்னுக்கு நகர்ந்து, திரும்பி, குழாய்கள் கடகடக்கத் தெருவை விட்டுப் போனது. அவள் மறுபடி இழுத்தாள். தங்கை இரண்டு கைகளாலும் குடத்தை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அக்காவை யாரோ மாதிரி பார்த்தாள்.