ஜீப்பில் ஓர் இடம்

"இயேசு மூன்றாம் முறை தரையில் விழுகிறார்" என்று சிலுவைப் பாதை வழிபாட்டில் பங்குச் சாமியார் சொல்ல, காட்டுப்பாக்கம் மாதா கோயில் வளாகத்தில் கூட்டம் மொத்தமும் முழங்காலிட்ட நொடியில்தான் வாசலில் பத்தாயிரம் வாலா சரவெடி வெடித்தது. கொளுத்தச் சொன்னவன் ஆரோக்கியசாமி. இயேசு இறந்த துக்கத்தில் கோயில் மணியைக்கூட நிறுத்திவிட்டு மரக்கட்டை தட்டுகிற பெரிய வெள்ளிக்கிழமையில், ஞானஸ்நானம் வாங்கிய ஒருவன் செய்த காரியம் இது. புகை கலைவதற்குள் வேட்பாளர் பரந்தாமன் ஜீப்பில் நின்றபடி இரண்டு கையையும் கூப்பி, "அனைவருக்கும் பெரிய வெள்ளி நல்வாழ்த்துக்கள்!" என்று மைக்கில் முழங்கினார். பின்னாலேயே வேனில் மட்டன் பிரியாணி வந்து இறங்கியது. கறி தொடாத ஒருசந்தி நாள். வாசனை பிடித்த இரண்டு கிழவர்கள் மட்டும் வேனை ஒருதரம் பார்த்துவிட்டு, பாவம், சிலுவைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

நாள் குறித்தவனும் ஆரோக்கியசாமியேதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபேன் கம்பெனியின் விற்பனை மேனேஜராக இருந்து, மழைக்காலத்தில்கூட ஃபேன் விற்றவன். காற்றை விற்றவனுக்கு ஒரு மனிதரை விற்கத் தெரியாதா என்று, பரந்தாமன் கூப்பிட்டதும் பொங்கலுக்கு முன் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். தெருத் தெருவாகக் கலர் பென்சிலில் சார்ட் போட்டான். லீவு நாளில் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று காலண்டரில் சிவப்பைத் தேடினான். சிவப்பு கிடைத்தது. ஏன் சிவப்பு என்று பார்க்கவில்லை. கட்சி ஆபீசுக்கு வந்த நாளிலிருந்து கோயில் பக்கம் எட்டிப் பார்க்காதவனுக்கு எல்லாக் கிழமையும் பிரச்சாரக் கிழமைதான்.

முழங்காலில் இருந்த ஜெயசீலி, ஜீப்பில் வேட்பாளருக்கு இடது பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற தன் புருஷன் ஆரோக்கியசாமியைப் பார்த்தாள். முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கஞ்சி ஊற்றும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"இவரு ஜெயிச்சா உங்களுக்கு இன்னா வேலை? தோத்தா நமக்கு இன்னா சோறு? நாளைக்குப் போயி கேட்டுக்கினு வாங்க. இத்தினி நாளா ‘பாக்கலாம்’, ‘பாக்கலாம்’னு கேட்டு கேட்டு எனக்குக் காதே புளிச்சிப்போச்சி."

மறுநாள் பூந்தமல்லி கட்சி ஆபீசில், ஆரோக்கியசாமி வாசலிலேயே பரந்தாமனைப் பிடித்தான். "அண்ணே, எலெக்ஷனுக்கு அப்புறம் நம்ம விஷயம்..."

"பாக்கலாம் சாமி," என்று அவன் தோளைத் தட்டிவிட்டு வேட்பாளர் ஜீப்பில் ஏறினார். எப்போதும் "நம்ம ஊட்டுப் புள்ள ஆரோக்கியசாமி!" என்று முழுப் பெயரையும் மைக்கில் முழங்குகிறவர், இன்று சாமியோடு நிறுத்திக்கொண்டார். கம்பெனியில் அவனை மிஸ்டர் சாமி என்பார்கள். அந்தப் பழைய பெயர் திரும்பி வந்தது ஏனோ அவனுக்குப் பிடிக்கவில்லை. ஜீப்பின் இடது பக்கத்தில், வெள்ளைச் சட்டையில், கழுத்துச் சிலுவை வெளியே தெரிய யாரோ ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

உள்ளே வட்டச் செயலாளர் ஜம்புலிங்கம் தோரணக் கயிற்றின் சிக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"யாருண்ணே அது?"

"ஜேசுராஜ். ஆவடி சர்ச்சாளு. குந்து நைனா, டீ சொல்றேன்."

"டீ வேணாம். நேத்து நடந்தது தப்புதான். ஆனா இந்த ப்ளான், சார்ட்டு எல்லாம் நான் போட்டது. என் மூளைக்காகத்தானே கூப்ட்டாரு? எனக்கு இங்க இடம் இருக்கா இல்லையா?"

ஜம்புலிங்கம் கயிற்றைக் கீழே போட்டார். வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அவர் குரலில் கோபம் இல்லை.

"அந்த சார்ட்ட எவனும் பிரிச்சிகூடப் பாத்ததில்ல. பாத்திருந்தா பெரிய வெள்ளின்னு நானே சொல்லிருப்பேனே. திருவேற்காட்டுல உன்ன ஜீப்புல ஏத்துனமா?"

"இல்ல. இடம் இல்லன்னீங்க. முன்னால நடந்தேன்."

"அங்க கோயில் தர்மகர்த்தா நின்னாரு. பூந்தமல்லி பஜாருல?"

"நடந்தேன்."

"காட்டுப்பாக்கம் மாதா கோயில் தெருவுல?"

ஆரோக்கியசாமி வாசலில் நின்ற ஜீப்பைத் திரும்பிப் பார்த்தான்.

"அங்க மட்டுந்தான் ஏத்துனோம். உன் பேருக்கு நைனா. மூளைக்கு இல்ல. அந்தத் தெருவுல இருக்கற ஓட்டுக்கு. நேத்தோட அது போச்சி. உனக்கு இங்க எடமில்ல. நாளையிலேர்ந்து வராத."

ரோட்டில் ஜீப் கிளம்பியது. "நம்ம ஊட்டுப் புள்ள ஜேசுராஜ்!" என்று மைக் அலறியது. ஆரோக்கியசாமி குனிந்து காலைப் பார்த்தான். கம்பெனியில் மீட்டிங்குக்கென்று வாங்கிய கறுப்பு ஷூ. திருவேற்காட்டுப் புழுதி, பஜார்ச் சேறு, எல்லாம் அதில் இருந்தது. வலது ஷூவின் அடிப்பாகம் எப்போதோ வாயைப் பிளந்திருந்தது. பிளவுக்குள், நேற்றைய சரவெடியின் சிவப்புக் காகிதத் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.