தீட்டு இல்லாத சாவு

அண்ணன் மகனுக்கு மீசை முளைக்கும் வரை அரியணையில் உட்காரச் சொன்னார்கள். ஹனியுவும் சரியென்று உட்கார்ந்தாள். பையன் இப்போது குதிரையேறி வேட்டைக்குப் போகிறான்; அவளை மட்டும் எழுந்திருக்க விடவில்லை. முதல் அமைச்சர் துருமரோ அவளுக்குத் தாய்மாமன். சொன்னபடி கேட்கும் மருமகளை விட வசதியான பேரரசி அவருக்கு வேறெங்கே கிடைப்பாள்? கல்யாணம் கூடாது, ஆற்றைத் தாண்டக் கூடாது. யமாதோ நாடே அவளுடையதுதான், அரண்மனை வாசல்வரை.

அக்கா மிகுரி ஆற்றுக்கு அக்கரையில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். போய்ப் பார்க்கக் கேட்டுக் கேட்டு ஹனியுவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"புது அரிசிப் படையல் வருது. அங்க அவளுக்கு ஏதாவது ஆகி நீ சாவுத் தீட்டோட திரும்பி வந்தா சாமிக்கு யாரு படைக்கிறது?" என்பார் மாமா.

ஒரு காலையில் அக்காவின் தோழி இசோமே வந்தாள். படியேறாமல் முற்றத்திலேயே நின்றாள். அதைப் பார்த்ததுமே ஹனியு பாயை விட்டு எழுந்தாள்.

"விடியக்காலையில போயிட்டாங்கம்மா. ஹனியு வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

ஹனியு அழுது தீர்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மேல வா. என் பாயில உட்காரு."

"ஐயோ, சாவு வீட்டுல இருந்து வர்றேன். தீட்டும்மா!"

"அதுக்குத்தான் கூப்பிடுறேன்."

கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, தன் கிண்ணத்துக் கஞ்சியையே அவளுக்கும் கொடுத்துத் தானும் குடித்தாள். ஒரே பாயில் உட்கார்ந்து உண்டால் தீட்டு ஒட்டிக்கொள்ளும்; தீட்டுப் பட்டவர் அரண்மனையில் இருக்க முடியாது. படையலைத் தொட முடியாது. சேதி கேட்டு மாமா ஓடிவந்தார்.

"தீட்டுப் பட்டுடுச்சு மாமா. பல்லக்கை எடுக்கச் சொல்லுங்க. அண்ணன் மகன் படைக்கட்டும்." எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மாமா கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"எந்த வீட்டுத் தீட்டு?"

"அக்கா செத்துட்டா."

"யாரு சொன்னா? மிகுரிக்கு உடம்பு சரியில்ல, அவ்வளவுதான். படையல் முடியிற வரைக்கும் அவ சாகல." அவர் காவலர்கள் பக்கம் திரும்பினார். "அந்த வீட்டைச் சுத்தி நில்லுங்க. யாரும் வாய்விட்டு அழக் கூடாது. வேளாவேளைக்குக் கஞ்சி உள்ள போகட்டும். இசோமே இங்கயே இருக்கட்டும்."

"பொணத்துக்கா மாமா கஞ்சி?"

"வாயைக் கழுவு. உங்க அக்காவுக்கு."

ஹனியு அவர் காலில் விழுந்தாள். பேரரசி ஒருத்தி அமைச்சர் காலில் விழுந்ததை அந்த அரண்மனை அதற்குமுன் கண்டதில்லை. "நான் எங்கயும் போகல. நானே படைக்கிறேன். அவளை அடக்கம் பண்ண மட்டும் விடுங்க."

"அடக்கம் பண்ணா நீ பட்ட தீட்டு உண்மையாயிடுமே, கண்ணு."

தான் விரித்த வலையில் அக்காதான் மாட்டிக்கொண்டாள் என்று அவளுக்கு அப்போது உறைத்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் மிகுரி இந்நேரம் மண்ணுக்குள் நிம்மதியாகப் படுத்திருப்பாள்.

படையல் நாளன்று வெள்ளை உடுத்திப் புது அரிசிச் சோற்றைச் சாமிக்கு வைத்தாள். தானும் ஒரு வாய் உண்டாள். வேண்டுதலின் முடிவில் மாமா ஒரு வரி சேர்த்திருந்தார். நோயில் கிடக்கும் அக்கா மிகுரி சீக்கிரம் எழுந்து நடக்க வேண்டும்.

எல்லோர் காதிலும் விழும்படி அதையும் சொன்னாள்.