மலாகாவில் ஏழு நாள்

ஆறு வருடமாக மெற்றில்டா லண்டனைத் தாண்டவில்லை. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்துவிட்டதென்று ஆஸ்பத்திரி எப்போது கூப்பிட்டாலும் இரண்டு மணித்தியாலத்துக்குள் போய் நிற்கவேண்டும். வெளிநாடு போனால் அத்தனை நாளும் காத்திருப்போர் பட்டியலிலிருந்து பெயரைத் தற்காலிகமாக விலக்கிவைப்பார்கள். அந்த நாளில்தான் பொருந்துகிற சிறுநீரகம் வந்து கைநழுவிப் போகும் என்ற பயம் யாருக்கு இராது? ஃபாரஸ்ட் கேட் வீடு, கிழமைக்கு மூன்று டயாலிசிஸ், ஞாயிறு பூசை. அவ்வளவுதான் அவளுடைய உலகம்.

அவளுக்கும் சேர்த்துக் கணவர் செபமாலைமுத்து கணினியில் ஊர் சுற்றினார். "கிட்னி வரட்டும், மலாகாவுக்குப் போவம்." அந்த ஸ்பெயின் கடற்கரையில் எங்கே என்ன இருக்கிறதென்று அங்கேயே பிறந்தவனைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடி அடி வைத்த படகு, மலைக்கு ஏறும் கேபிள் கார், பாராசூட்டில் கட்டிப் படகால் இழுக்கும் விளையாட்டு, மணலில் நெருப்பு மூட்டிக் குச்சியில் குத்திச் சுடும் சாளை மீன். எல்லாவற்றையும் ஏழு நாளுக்குப் பிரித்து ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்ரீநிதி அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தமிழில் பேசினாள். மற்ற நாட்களில் இங்கிலீஷ்தான். அப்போதே மெற்றில்டாவுக்கு விளங்கிவிட்டது.

"ஹார்ட் ரொம்ப வீக்கா இருக்கும்மா, ஆபரேஷனைத் தாங்காது. லிஸ்ட்ல இருந்து உங்க பேரை எடுத்துட்டோம்." ஃபைலை மூடிவிட்டுச் சொன்னாள்: "இனிமே நீங்க எங்க வேணாலும் போகலாம். ஆசைப்பட்ட ஊருக்குப் போயிட்டு வாங்க. அங்கயும் டயாலிசிஸுக்கு ஏற்பாடு பண்றோம். ஆனா, சீக்கிரமா போயிடுங்க."

கடைசிச் சொல் காதில் விழாதது போல செபமாலைமுத்து பையைத் தோளில் மாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் மெற்றில்டா சொன்னாள்: "இஞ்சாருங்கோ, அந்தக் கொப்பியை எடுங்கோ. போவம்."

அவர் ஒவ்வொன்றாக வாசித்தார்.

"பாராசூட்."

"நெஞ்சு நிண்டுபோம். வெட்டுங்கோ."

கடல் குளிப்பு. கழுத்தடியில் டயாலிசிஸ் குழாய் இருக்கிறது, தண்ணீர் படக்கூடாது. படகின் ஆட்டமும் கேபிள் காரின் உயரமும் நெஞ்சுக்கு ஆகாது. குகைக்கு ஏகப்பட்ட படி. சாளையில் உப்பு. ஆரஞ்சு அவளுக்கு விலக்கு; தோடம்பழத் தோட்டத்துக்குப் போய் வாயைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு லண்டனிலேயே நிற்கலாம். ஏழில் மூன்று நாள் டயாலிசிஸ் கதிரைக்கே போய்விடும். கடைசியில் மிஞ்சியது கடலைப் பார்த்த ஒரு பெஞ்ச்.

"அதிலை இருந்து பாப்பன். எனக்கு அது காணும்," என்றாள். உண்மையாகவே அது போதும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. இந்த ஆறு வருடத்தில் தனக்கென்று அவள் வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான்.

செபமாலைமுத்து கொப்பியை மூடினார். "இப்ப அங்கை சரியான வெக்கை. அடுத்த வருசம் போவம். அதுக்கிடையிலை உம்மடை ஹார்ட் தேறிச்செண்டால் திருப்பியும் லிஸ்டிலை போடுவினம்."

மெற்றில்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கடல் வத்தினால் கருவாடு தின்னலாம் எண்டு காத்திருந்து செத்த கொக்குக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? அடுத்த வருசம் ஆரோடை போவியள்?"

அவர் எழுந்து மேசைக்குப் போனார். கணினியைத் திறந்து தட்டத் தொடங்கினார். டிக்கெட் போடுகிறார் என்று நினைத்து, மனம் இளகி, பக்கத்தில் போய்ப் பார்த்தாள். வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். என் மனைவியைத் தயவுசெய்து இன்னொரு தடவை பாருங்கள் என்று.

"எட்டுக் கிழமையிலை பதில் வருமாம். அதுவரைக்கும் நாங்கள் அசையேலாது, என்ன?" திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

சாகப்போவது தான்தான் என்றாலும், அதை இந்த மனிதருக்குச் சொல்லி விளங்கவைக்க அவளிடம் பலம் இருக்கவில்லை.

"ஓம்," என்றாள். "வடிவா எழுதுங்கோ."